முற்றம் நீண்ட நாள்

சாலேம்புரம் கோயில் தெருவில் இப்போதெல்லாம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி, ஏதாவது ஒரு வீட்டை விட்டுவிடுகிறார்கள். அந்த வீட்டுக்கு அன்று யாரும் பலகாரம் சுடப் போவதில்லை, பாடகர் குழு போவதில்லை, அரைக்கிலோ சீனி கைமாற்று கேட்டுப் போவதில்லை. அந்த வீட்டுக்காரர்களே ஒருவரை மட்டும் உள்ளே விட்டுவிட்டுப் பக்கத்து வீடுகளில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். வெளியூரிலிருந்து கல்யாணமாகி வருகிற பெண்கள் முதல் வருஷம் இதைப் பார்த்து அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று நினைப்பதுண்டு. அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு முற்றம் நீண்டுபோன வருஷத்திலிருந்து வந்த பழக்கம் அது. அன்று வீட்டுக்குள் இருந்தவள் நான்தான் என்பதால் நான்தான் அதை எழுத வேண்டும் என்று வயலட் அக்கா சொல்கிறாள். வாயால் சொல்லச் சொன்னால் நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

எங்கள் ஊர் தேரிக்காட்டை ஒட்டியது. திருச்செந்தூர் பஸ்ஸில் வந்தால் சிவப்பு மணல் முடிந்து கோபுரம் தெரிகிற இடத்தில் இறங்க வேண்டும். கோயில் என்று நாங்கள் சொல்வது தேவாலயத்தைத்தான். அதற்கு எதிரே இருக்கிற பத்தொன்பது வீடும் ஒரே சபை. டிசம்பர் பிறந்துவிட்டால் தெருவுக்கு ஒரு முறை உண்டு. ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொண்டு, அன்றைக்கு அந்த வீட்டில் மற்ற பதினெட்டு வீட்டுப் பெண்களும் சல்லடையும் கரண்டியும் அச்சுமுறுக்குக் கட்டையுமாகக் கூடி, அந்த வீட்டுக்கு வேண்டிய முந்திரிக்கொத்தையும் முறுக்கையும் அதிரசத்தையும் சுட்டு டின்னில் அடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். தன் வீட்டு முறைக்கு ஆள் வராமல் போவதைவிடப் பெரிய அவமானம் எங்கள் தெருவில் கிடையாது. பட்டினி கிடந்ததைக்கூட வெளியே சொல்லிவிடுவார்கள், முறைக்கு ஆள் வராததைச் சொல்ல மாட்டார்கள்.

முற்றம் நீண்ட வருஷத்துக்கு ஏழு வருஷம் முன்னால் ஒரு டிசம்பரில் அப்பா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அப்போது எனக்குப் பதினேழு வயது. புஷ்பத்தையும் பிள்ளையையும், அதாவது அம்மாவையும் என்னையும், தனியாக விடக் கூடாது என்று அன்றைக்குத் தெரு முடிவுசெய்தது. முடிவுசெய்தபடி விடவும் இல்லை. காலையில் ஒருத்தி காப்பியோடு வருவாள், அவள் தம்ளரை எடுக்க இன்னொருத்தி வருவாள், மத்தியானம் பெண்கள் சங்கத்துக் கூட்டம் எங்கள் வீட்டில், சாயங்காலம் பாட்டுப் பழகுதல் எங்கள் வீட்டில், சங்கத்துப் பீரோ சாவி அம்மா இடுப்பில், யார் வீட்டுச் சண்டையானாலும் பஞ்சாயத்து எங்கள் நடு அறையில். அழுதுகொண்டிருந்தவளுக்குத் துணையாக வந்தவர்கள், அவள் அழுகையை நிறுத்திய பிறகும் வந்தார்கள். கொஞ்ச நாளில் அம்மா அவர்களுக்குத் துணையாகிவிட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மனிதர்கள் இல்லாவிட்டால் நான் எம்.ஏ. முடித்திருக்க மாட்டேன், அம்மா உயிரோடு இருந்திருப்பாளா என்பதும் சந்தேகம். ஆனால் ஏழு வருஷத்தில் எங்கள் வெளிவாசல் கதவு பகலில் ஒரு தடவைகூடச் சாத்தப்படவில்லை. நான் என் வீட்டில் தனியாக இருந்ததே இல்லை. பத்துப் பேர் நடுவில் எப்படி இருப்பது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருக்கக் கற்றுக்கொண்டேன். யார் பேசும்போது யார் சேலையைத் திருகுகிறார்கள், பாகில் எத்தனை குமிழ் வந்ததும் அம்மா அடுப்பைத் தணிக்கிறாள், இப்படி.

எங்கள் வீட்டு முறை எப்போதும் கடைசி முறை, இருபத்து மூன்றாம் தேதி. அந்த வருஷம் முறைச்சீட்டு எழுதும் வேலையை, அம்மாவை மயினி என்று கூப்பிடுகிற சவுந்தரம் அத்தை தன் புது மருமகள் வயலட்டிடம் கொடுத்தாள். வயலட் அக்கா வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, வீடுகளின் பெயர் அவளுக்குப் பிடிபடவில்லை. எனவே ஒரு சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து, எந்த வாசலில் எல்லாம் ஸ்டார் தொங்குகிறதோ அந்த வீடுகளை எழுதிக்கொண்டே போனாள். டிசம்பர் முதல் வாரத்தில் ஸ்டார் கட்டாத கிறிஸ்தவ வீடு ஒன்று இருக்கும் என்று அவள் ஊரில் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் ஸ்டாரின் ஒரு கொம்பை எலி கடித்துவிட்டதால், புதிதாக வாங்கலாம் என்று அம்மா அதைக் கட்டாமல் வைத்திருந்தாள். சீட்டு பதினெட்டு வீட்டோடு, இருபத்து இரண்டாம் தேதியோடு முடிந்துபோனது. மற்றவர்கள் அவரவர் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா பார்த்தாள். பதினெட்டு வீட்டுக்கும் போய்ப் பாகு காய்ச்சிக் கொடுத்தவள், தன் பெயர் இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எல்லாவளுக்கும் களைப்பா இருக்கும்லா," என்று மட்டும் சொன்னாள். இருபத்து மூன்றாம் தேதி காலை, தைக்கக் கொடுத்த துணிகளை வாங்கிவரத் தூத்துக்குடிக்குக் கிளம்பினாள்.

"நீ வரண்டாம், வெயிலு. வெளிவாசலச் சாத்திக்கோ," என்றாள்.

"சாத்தவா?"

"சாத்து. யாரும் வரமாட்டாவ."

அவள் குரலில் இருந்தது எனக்குக் கேட்டது. கேட்டும், பஸ் போன சத்தம் அடங்கியதும், வெளிவாசலையும் வீட்டுக் கதவையும் சாத்திக் கொண்டியைப் போட்டபோது என் நெஞ்சுக்குள் ஏறியது சந்தோஷம்தான். அதை ஒளிக்க முடியாது.

முற்றம் ஏன் நீண்டது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கொண்டி விழுந்த சத்தத்துக்குப் பிறகு தெருவின் சத்தம் வரவில்லை, அவ்வளவுதான். முதலில் தலைக்குக் குளித்தேன். ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நடு அறையில், ஜன்னல் வெயில் விழுகிற இடத்தில், வெறும் தரையில் படுத்தேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். பழைய சோற்றைச் சட்டியிலேயே தயிர் ஊற்றிப் பிசைந்து, சுட்ட கருவாட்டோடு, தட்டில் போடாமல் தின்றேன். எங்கள் வீட்டில் எட்டு நாற்காலி உண்டு. எட்டிலும் மாறி மாறி உட்கார்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் வீடு எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். அப்பாவின் நாற்காலியிலிருந்து பார்த்தால் அடுப்படியின் பாதியும் கொய்யா மரமும் தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது. குழாயில் நீர் சொட்டுவது, ஓடு வெயிலில் விரிந்து டிக் என்பது, பல்லி, குளிர்சாதனப் பெட்டி நின்று மறுபடி மூச்சு விடுவது எல்லாம் அந்த வீட்டில் ஏழு வருஷமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. என் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். கெத்சியாள். யாரும் என்ன என்று கேட்கவில்லை. ஸ்தோத்திரம் ஆண்டவரே என்றேன். அந்த வார்த்தையைக் கோயிலில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், அன்றுதான் அதை ஒருவருக்கு நேராகச் சொன்னதுபோல் இருந்தது.

பத்து மணிக்கு மேல் தெருவில் நடந்தது பிறகு எனக்கு வயலட் அக்கா சொன்னது.

கோயில் குட்டியார் மாசிலாமணி, அதாவது மணியடித்துக் கோயிலைப் பெருக்குகிறவர், அதிகாலை ஆராதனைக்கு விரிப்புத் துணி வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்து, மேலாகக் கையை நுழைத்து வெளிவாசல் கொண்டியை எடுத்து உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். கையில் துணி இல்லை.

"எங்கய்யா போனீரு?" என்று சவுந்தரம் அத்தை கேட்டாள்.

"புஷ்பம் வீட்டுக்குத்தான் போனேன். முத்தம் நீண்டு கெடக்கு."

"எவ்வளவு நீளம்?"

"போகும்போது நம்ம ஊருலேர்ந்து ஓடக்கரை வரைக்கும் இருக்கும். திரும்பி வாரதுக்கு எப்பவும்போல பத்து எட்டு வச்சாப் போதும்."

அத்தை யோசித்தாள். "மழைக்கு ஊறியிருக்குமோ?"

"மண்ணு நல்லாத்தான் இருக்கு. நடக்கச் சொகமா இருக்கு," என்றார் குட்டியார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த வயலட் அக்காவுக்கு அப்போதுதான், அது யார் வீடு, தன் சீட்டில் எந்த நம்பர் என்ற எண்ணம் வந்தது. நோட்டைப் பிரித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு மாமியாரிடம் நீட்டினாள்.

சவுந்தரம் அத்தை தலையில் கைவைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "பாவி மட்டை. என் மயினிய விட்டுட்டியே. ஸ்டார எண்ணி எழுதினாளாம், வானசாஸ்திரி. இனி அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

பத்து நிமிஷத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. முற்றம் நீண்டதற்கு அவர்கள் அதையே காரணமாக எடுத்துக்கொண்டார்கள்: மனம் நொந்த வீடு தள்ளித்தான் நிற்கும், போய்த்தான் ஆக வேண்டும். சூரியனை நிறுத்தினவருக்கு ஒரு முற்றத்தை நீட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று குருவானவர் சைக்கிளை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். பாடகர் குழுத் தலைவர் டென்சிங் அண்ணன், நீண்ட நிலத்துக்குப் பட்டா யார் பேரில் என்று கேட்டார். பச்சைப்பயற்று மாவும் வெல்லமும் சல்லடையும் எடுத்துக்கொண்டு பெண்கள் கிளம்பினார்கள். மன்னிப்புக் கேட்டு, சுட்டுக் கொடுத்துவிட்டே வருவது என்று முடிவு.

நான் ஜன்னலிலிருந்து அவர்கள் வருவதைப் பார்த்தேன். வெகுதூரத்தில், எங்கள் வெளிவாசல் தீப்பெட்டி அளவுக்குத் தெரிய, அதற்குள்ளிருந்து எறும்புபோல ஒவ்வொருவராக வந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. என் நாள் முடிந்தது என்று நினைத்து, முடியைக் கட்டி, பாவாடையை மாற்றி, அடுப்படியில் இருந்த சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தேன். அவர்கள் அப்போதும் தூரத்திலேயே இருந்தார்கள். அதைவிட, அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஒன்றாக உள்ளே நுழைந்தவர்களுக்கு உள்ளே ஆளுக்கு ஒரு வழி. என் கண்ணுக்கு எல்லாரும் ஒரே மணலில் தெரிந்தார்கள். அவரவருக்கு அந்த மணலில் அவர் மட்டும்தான்.

சவுந்தரம் அத்தை முதலில் "ஏட்டி வயலட்டு" என்று இரண்டு பக்கமும் கூப்பிட்டுப் பார்த்தாள். வாய் அசைவது தெரிந்தது. பதில் வராததும் மாவு டின்னைக் கீழே வைத்தாள். முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கால் பெருவிரலால் மணலில் கட்டம் கிழித்து, ஓட்டுச்சில் ஒன்றைப் பொறுக்கிப் போட்டு, ஒற்றைக் காலில் பாண்டி ஆட ஆரம்பித்தாள். அறுபத்திரண்டு வயது அவளுக்கு. மூன்றாம் கட்டத்தில் தடுமாறினாள், யாரும் பார்க்காததால் மறுபடி முதலிலிருந்து ஆடினாள். அவளுக்கு ஒரு முழம் தள்ளி வயலட் அக்கா நின்றுகொண்டு, விரலை நீட்டி நீட்டி, காற்றைப் பார்த்து ஒரு நீளமான பிரசங்கம் செய்துகொண்டிருந்தாள். அது யாருக்கென்று எனக்குத் தெரியும். நாலு மாதத்துப் பாக்கியும் தீர்ந்ததும் தலைப்பால் முகத்தைத் துடைத்து, யாரோ மெச்சினதுபோலச் சிரித்துக்கொண்டு நடந்தாள். காலையிலிருந்து மாலைவரை சத்தமே தொழிலான டென்சிங் அண்ணன் பாடவில்லை, சீட்டி அடிக்கவில்லை. பாண்ட் பையில் கையை விட்டுக்கொண்டு, நின்று நின்று, ஒன்றையும் கேட்காமல் கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டாவது தடவையாக உள்ளே வந்த குட்டியார் துண்டை முகத்தில் போட்டு மணலில் மல்லாந்து தூங்கினார்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரைச்சீலையை விட்டேன். தனியாக இருக்கிறவர்களைப் பார்ப்பது திருட்டுதான், அந்தத் திருட்டில் எனக்குப் பழக்கம் உண்டு என்றாலும்.

வாசலுக்கு வந்து சேர்ந்தவர்கள் கதவைத் தட்டவில்லை. அவ்வளவு தூரம் நடந்து முடித்ததும் எதற்கு வந்தோம் என்பது அவர்களுக்கு அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லைபோல. சாத்தின கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அது ஏன் சாத்தியிருக்கிறது என்று புரிந்தவர்கள்போல, கொண்டுவந்ததைப் படியில் மூடிவைத்துவிட்டு, பத்து எட்டில் தெருவுக்குத் திரும்பினார்கள். மத்தியானத்துக்குள் படியில் பதினோரு பாத்திரம் சேர்ந்துவிட்டது. தெருவில் அதற்குள் முற்றம் நீண்டது பழைய செய்தியாகி, வரிசை ஆரம்பித்திருந்தது. வெளிவாசலில் யாரோ ஒரு ஸ்டூலும் குடிதண்ணீர்ப் பானையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு கரண்டி உப்பு திருப்பிக் கொடுக்கணும், மயினியிட்ட ஒரு வார்த்தை கேக்கணும் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி உள்ளே போனார்கள். போய் வந்தவர்கள் என்ன பார்த்தாய் என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றார்கள். அந்த ஒன்றுமில்லையை வாங்கிவரத்தான் அடுத்தவள் எழுந்து போனாள்.

மூன்று மணி பஸ்ஸில் அம்மா வந்தாள்.

"மயினி, சீட்டுல தப்பு நடந்துபோச்சு," என்று சவுந்தரம் அத்தை ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "இந்த வெளங்காதவ ஸ்டார எண்ணி எழுதியிருக்கா. நாங்க ஒன்ன விடுவோமா?"

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கென்ன, புதுப் பிள்ள," என்றாளாம். முகம் மட்டும் சட்டென்று தெளிந்ததாம்.

"உங்க முத்தம் வேற நீண்டு கெடக்கு. பாத்துப் போங்க," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"என் வீட்டுக்குப் போவ எனக்குத் தெரியாதா," என்று சொல்லிவிட்டு இரண்டு கையிலும் பையோடு அம்மா உள்ளே நுழைந்தாள்.

அவள் தலை தெரிந்ததும் நான் வாசலைத் திறக்க எழுந்தேன். பத்து எட்டில் வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. அம்மாவுக்கும் முற்றம் நீண்டுதான் இருந்தது. பெற்றவளுக்கும் சேர்த்தா கதவைச் சாத்தினேன் என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெட்கப்பட்டு நின்றேன்.

முதலில் எப்போதும்போல விறுவிறுவென்று நடந்தாள். ஏழு வருஷமாக அவள் நடக்கிற நடை அது, பின்னால் யாரோ கூப்பிடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்கிற நடை. பாதி தூரத்தில் நடை தளர்ந்தது. நின்றாள். பைகளை வைத்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், யாரும் இல்லை என்று நிச்சயமானதும் துணிப்பை மேலேயே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, கால் இரண்டையும் நீட்டினாள். பிறகு கைப்பைக்குள்ளிருந்து ஒரு மக்ரூன் பொட்டலத்தை எடுத்தாள். தூத்துக்குடிக்குப் போனால் தெருவுக்கு மக்ரூன் வாங்கி வருவது அவள் வழக்கம். பொட்டலம் பிரிந்தால் அவளுக்கு மிஞ்சுவது தாளில் ஒட்டின தூள்தான். அன்றைக்கு ஒன்றை எடுத்துக் கூம்பு முனையைக் கடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். வாயில் முழுதாகப் போட்டு, கரைகிறவரை காத்திருந்து, மூன்றாவதை எடுத்தாள். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில்கூட, சுற்றி நாற்பது பேர் இருந்ததால், இடையிடையே யாருக்காவது பாய் எடுத்துப் போடச் சொல்லிக்கொண்டுதான் அவள் அழுதாள். இங்கே இடையில் எதுவும் இல்லை. அப்பாவை நினைத்து, தலையை ஆட்டி ஆட்டி, ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடிப்பதுபோல அழுது முடித்தாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு கையிலிருந்த நாலாவதைத் தின்றாள்.

நான் ஜன்னலை விட்டு வந்துவிட்டேன்.

நாலரை மணிக்கு வெளிவாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பாட்டுப் பழக வேண்டும், பாடகர் அங்கிகள் சங்கத்துப் பீரோவில், சாவி அம்மா இடுப்பில். முந்திரிக்கொத்துக்கு வெல்லம் இடித்தாயிற்று, பாகு காய்ச்ச அம்மா வேண்டும். நாளைக்கு ஏழைகளுக்குக் கொடுக்கிற அரிசி யார் வீட்டில் இறங்குவது என்று அம்மா சொல்ல வேண்டும். ஒன்றரை மணி நேரமாக உள்ளே போனவள் போய்ச் சேரவும் இல்லை, திரும்பவும் இல்லை. வெளிவாசல் கதவு நன்றாகத் திறந்து கிடந்ததாலோ என்னவோ, இப்போது அவர்கள் குரல் எனக்குக் கேட்டது.

"நான் போயி மணிய அடிக்கேன். மணிச் சத்தம் கேட்டா எங்க இருந்தாலும் எந்திரிச்சு வந்துருவா," என்றார் குட்டியார்.

"அடியும்," என்றார் டென்சிங் அண்ணன்.

எழுந்து வருவாள், அதில் சந்தேகம் இல்லை. எச்சில் வாயைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "இந்தா வாரேன்" என்று ஓடி வருவாள். வந்தபின் அவள் சாகிறவரைக்கும் அப்படி ஓரிடத்தில் உட்கார மாட்டாள். அவளை உட்கார விடச் சொல்லி ஒருவர் போய் வெளிவாசலில் நிற்கிறவர்களிடம் பேச வேண்டும். கோயிலில் வசனம் வாசிக்கச் சொன்னால் காய்ச்சல் வருகிறவள் நான். கல்லூரியில் ஐந்து வருஷம் வருகைப் பதிவுக்குத் தவிர வாய் திறக்காதவள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

கதவைத் திறந்தேன். படியில் இருந்த பாத்திரங்களைத் தாண்டி முற்றத்தில் இறங்கினேன். எனக்கு அது பத்து எட்டுதான். நாலாவது எட்டில் அம்மாவைக் கடந்தேன். அவள் எனக்கு இடப்பக்கம், என் தாவணி தொடுகிற தூரத்தில், கால் நீட்டி, கண்ணை மூடி, மடியில் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சு கேட்டது. நான் நிற்கவில்லை. நின்றால் கூப்பிட்டிருப்பேன்.

வெளிவாசலில் இருபது பேர் என்னைப் பார்த்தார்கள்.

"ஏ கெத்சி, அம்மைய எங்க?"

"வழியில இருக்காவ," என்றேன். என் குரல் எனக்கே யாரோ போல இருந்தது. "மணி அடிக்க வேண்டாம்."

"அடிக்காண்டாமா? பிறவு பாகு எவ காச்சுவா, நீயா?"

"ஆமா, நான்தான்."

அவர்கள் என்னைக் கேலி செய்வதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று, மூச்சு விடாமல் சொன்னேன். "அத்தை, ஏழு வருஷமா அவிய ஒரு நாள்கூடத் தனியா உக்காரல. நீங்க எல்லாரும் எங்களுக்காகத்தான் வந்தீய. நீங்க வராட்டா நாங்க இல்ல, அது எனக்குத் தெரியும். இன்னைக்கு ஒரு நாள் அவியளக் கூப்பிடாதீங்க. பீரோவக் கதவுப் பூட்டுல தெறக்காண்டாம், டென்சிங் அண்ணன் பின்பக்கத்துப் பலகையக் கழத்திருவாவ. அரிசி அத்தை வீட்டுல எறங்கட்டும். பாகு நான் காச்சுதேன். எல்லாரும் உள்ள வாங்க."

டென்சிங் அண்ணன் குட்டியாரைப் பார்த்தார். "பின்பக்கம் நாலு ஆணிதான் இருக்கும்," என்றார் மெதுவாக.

"அந்தப் பிள்ளைக்கு வாய் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே," என்றாள் சவுந்தரம் அத்தை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள். "சரி, நடங்கட்டி. அவ உக்காந்திருக்கட்டும். அந்த வழியில உக்காந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

வயலட் அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"ஒனக்கு எப்படித் தெரியுமோ அப்படித்தான்."

நான் கூட்டிக்கொண்டு வந்ததாலோ என்னவோ, அவர்களுக்கும் அப்போது முற்றம் பத்து எட்டுதான் இருந்தது. பதினாறு பெண்கள் சல்லடையோடும் டின்களோடும் பேசிக்கொண்டே அம்மாவின் பக்கத்தில் நடந்து போனார்கள். அவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை, அவளும் கண்ணைத் திறக்கவில்லை. நான் மட்டும் கடைசியாக, சத்தம் போடாமல் நடந்தேன்.

பிறகு எங்கள் வீடு எப்போதும் போலாகிவிட்டது. எட்டு நாற்காலியும் நிறைந்து, மிச்சப் பேர் தரையில் உட்கார்ந்து, எள்ளை வறுப்பவள் ஒருத்தி, தேங்காயைத் துருவுபவள் ஒருத்தி, யார் மருமகள் யாரைப் பார்த்து என்ன சொன்னாள் என்பது ஒரு பக்கம். நான் வெல்லப் பாகின் முன்னால் நின்றேன். என் கையில் அதற்குமுன் கரண்டியைக் கொடுத்தவர் கிடையாது. ஆனால் குமிழ் பெரிதாகிச் சிறிதாகி, ஓரத்தில் நுரை கூடி, கரண்டியிலிருந்து கடைசிச் சொட்டு விழத் தயங்குகிற நேரம் எனக்குத் தெரியும். ஏழு வருஷமாக மூலையில் நின்று வேறு என்ன பார்த்தேன்? "எறக்குங்க," என்றேன். இறக்கினார்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்த சவுந்தரம் அத்தை மாவைக் கொட்டினாள். அந்த வீட்டில் அவ்வளவு பேர் நடுவில் நின்றுகொண்டு, காலையில் தனியாகப் படுத்திருந்தபோது இருந்த அதே நிறைவு எனக்குள் இருக்கிறதைக் கண்டேன். அது வெயில்போல நகர்ந்து வேறிடம் போய்விடும் என்று பயந்திருந்தேன், போகவில்லை. உள்ளுக்குள் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டு உருண்டைகளை மாவில் முக்கி எண்ணெயில் விட்டேன்.

நடுவில் இரண்டு தடவை ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். முதல் தடவை அவள் மணலில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை எழுந்து, துணியில் ஒட்டின மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் பை. நிறைந்து கிடக்கிற வீட்டையும், அடுப்பின் முன்னால் கரண்டியோடு நிற்கிற என்னையும் பார்த்தாள். யாரும் எழுந்து அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தேன், ஆனால் அவ்வளவு பேர் அவ்வளவு நேரம் ஒரு கேள்வியும் கேட்காமல் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒருத்தி நகர்ந்து நாற்காலி ஒன்றைக் காலிசெய்தாள். அம்மா அதில், விருந்தாளிபோல, நுனியில் உட்கார்ந்தாள்.

கடைசியில் சவுந்தரம் அத்தைக்குத்தான் அடக்க முடியவில்லை. எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டாள்.

"மயினி, மக்ரூன் வாங்கலியா இந்தத் தடவ?"

"கடை பூட்டிக் கெடந்துது," என்றாள் அம்மா.

அவள் ரவிக்கையின் கழுத்தோரத்தில், சேலை மடிப்பில், மோவாயில்கூட, வெள்ளை வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது. நான் கரண்டியை வயலட் அக்காவிடம் கொடுத்தேன். அம்மா மடியிலிருந்த பையை வாங்குகிறவள்போலக் குனிந்து, மற்றவர்கள் திரும்புவதற்குள், அதைத் தட்டிவிட்டேன்.